மச்சில் நின்ற முட்டுக்கால்கள்

போடி ஊர்க்காரர் ஞானசிகாமணி அவர்களுக்கு நான் ஒரு காலத்தில் மூன்று லட்ச ரூபாய் கடன்பட்டிருந்தேன். தேனியில் அவருக்கிருந்த ஓட்டுக் கட்டிடத்தைப் பாதிப் பணம் கொடுத்து வாங்கி, மீதியை ஐந்து வருடத்தில் அடைப்பதாகச் சொன்னேன். நாலாவது வருடமே அடைத்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், மயிலாடும்பாறைப் பக்கம் மரத்தில் ஏறி இலவங்காய் பறித்துக் கூலி வாங்கியவன், இன்று அதே கட்டிடத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். சீனிச்சாமி கடை மெத்தை போகாத கல்யாண வீடு தேனியில் குறைவு.

போன சித்திரையில் இலவம்பஞ்சு விலை இறங்கியது. இறங்கும்போது வாங்கிப் போட்டால் ஆவணிக் கல்யாணங்களுக்கு நல்ல விலைக்குப் போகும். இந்தக் கணக்குக்கு எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. மயிலாடும்பாறையில் ஒரு வண்டிப் பஞ்சு பேசி முடித்தேன். வைக்கத்தான் இடமில்லை. கடைக்கு மேலே, ஓட்டுக்கடியில் பலகைத் தளம் போட்ட மச்சு இருக்கிறது. பெரிய மச்சு. ஆனால் நடுவே வரிசையாக மர முட்டுக்கால்கள். மூட்டையை நேராக அடுக்க விடாது.

பக்கத்துத் தெருவில் ஒரு கோடவுன் காலியாக இருக்கிறது, வாடகைக்குப் பிடிக்கலாம் என்றாள் என் மனைவி கருத்தம்மாள்.

“சொந்தக் கட்டிடம் வச்சிருக்கவன் வாடகைக்குப் போறதா? அந்தக் கட்டையப் புடுங்கிட்டா இன்னொரு பங்கு மூட்டை ஏறும்” என்றேன்.

“கட்டை சும்மாவா நிக்கிது?”

“பஞ்சுக்கு என்னடி எடை? நெல்லு அடுக்குறவனுக்கு வேணும் முட்டு. நமக்கெதுக்கு?”

வண்டி சாயங்காலம் வர வேண்டும். மேற்கே மலையில் மேகம் கட்டியிருந்தது. பஞ்சு நனைந்தால் கட்டியாகிவிடும், போட்ட முதல் போய்விடும். காலையிலேயே சம்மட்டியோடு ஏணியில் ஏறினேன். கருத்தம்மாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் கால், அடியிலிருந்த ஆப்பைத் தட்டியதும் கையோடு வந்தது. “பாத்தியா, சும்மாதான் நின்னுருக்கு” என்றேன். இரண்டாவது கொஞ்சம் மல்லுக்கட்டியது, அதுவும் வந்தது. மூன்றாவது அசையவில்லை. அறுபத்தெட்டு வயதிலும் என் அடிக்குக் கல் உடையும். அந்தக் கட்டை மட்டும் நெரிபட்டதுபோல முனகியது. நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டைத் தாங்கும் நடு உத்திரம் வயிறு தள்ளி நின்றது. ஓடு ஒன்று சரிந்து தெருவில் விழுந்தது.

“என் தலையில மண்ணு கொட்டுது. மேல என்ன நடக்குது?” என்று கீழேயிருந்து கேட்டாள்.

“ஒண்ணும் நடக்கல.”

“நடக்காமத்தான் ஓடு கீழ வந்துச்சாக்கும்.”

ஆசாரி ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டேன். லாரிப் பட்டறையில் ஜாக்கி இரவல் வாங்கி வந்தான். உத்திரத்துக்குக் கீழே வைத்து மெல்ல ஏற்றி, பிடுங்கிய இரண்டு கால்களையும் பழைய இடத்தில் நிறுத்தினான். விழுந்த ஓட்டையும் மாற்றினான்.

“பஞ்சுக்கு எடையில்லன்னு சொன்னீகளாமே அண்ணே. ஓட்டுக்கும் இல்லைன்னு யாரு சொன்னாக?”

“வேலையைப் பாருடா.”

“பாத்துட்டேன். இனி இந்தக் காலுல கை வச்சா என்னையக் கூப்பிடாதீக. தீயணைப்பு வண்டியக் கூப்பிடுங்க.”

மத்தியானம் இடி கேட்டது. வேறு வழியில்லை. கோடவுன்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கல்லாவிலிருந்து எட்டாயிரம் எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். செருப்பை மாட்டினேன். மச்சில் தூசி பெருக்கிக்கொண்டிருந்த கருத்தம்மாள் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்கன வாங்க. கட்டைய எதுக்கு எடுக்கணும்? சாக்கை எடுத்தா என்ன?”

“எந்தச் சாக்கை?”

“பஞ்சு கட்டி வர்ற சாக்கைத்தான். மூட்டைக்குத்தான் கட்டை இடிக்கிது, பஞ்சுக்கு இடிக்குமா? அவுத்துக் கொட்டி மிதிச்சுவிட்டா கட்டையைச் சுத்தி அதுபாட்டுக்குக் கிடக்கப்போகுது. தலையணைக்குள்ள நீங்க சாக்கோடயா அடைக்கிறீக?”

நாற்பது வருடமாக என் வியாபாரத்தைக் கூடவே இருந்து பார்த்தவள். அந்த மூளை வேறு எங்கிருந்து வந்திருக்கும்? செருப்பைக் கழற்றினேன்.

வண்டி வந்ததும் சுமைக்காரர்கள் மூட்டைகளை மேலே ஏற்றி அவிழ்த்துக் கொட்டினார்கள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு நானே மிதித்தேன். ஓடு சரிந்து இறங்குகிற மூலைகளில் மூட்டை நுழையவே நுழையாது. பஞ்சு அங்கேயும் போய் அடைந்துகொண்டது. ஏணி வாசலில் பழைய கொசுவலையை இழுத்துக் கட்டினோம். வண்டி காலியான பிறகுதான் மழை பிடித்தது. உத்திரம் அசையவில்லை.

தலை, மீசை எல்லாம் பஞ்சோடு இறங்கினேன். ஏணிக்கடியில் கருத்தம்மாள் கையை நீட்டி நின்றாள்.

“என்ன?”

“கோடவுனுக்குன்னு எடுத்த காசு. எடம் பிடிச்சுக் குடுத்தது நாந்தான?”

“சொந்தக் கட்டிடத்துல புருசங்கிட்ட வாடகை கேக்குறவ நீ ஒருத்திதான்.”

“மாச வாடகையெல்லாம் கேக்கல. அட்வான்ஸ் மட்டும்.”

அவள் கையை மடக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்த தாள்களை எடுத்து, எச்சில் தொட்டு, ஐந்நூறு ஐந்நூறாக எட்டாயிரத்தையும் அந்த விரிந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.