கொள்ளுக்கு வந்த சேவல்

இன்று குக்கரைத் திறந்ததும் வெந்த கொள்ளின் வாசம் முகத்தில் அடித்தது. ஒரே நொடியில் தொண்ணூறுகளில் கணபதி பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நின்றேன்!

அம்மா திங்கட்கிழமையே வாரச் சமையலை முடிவு செய்துவிடுவாள். ஒருமுறை கொள்ளு வேகவைத்தால் அந்தத் தண்ணீர் ரசமாகும், பாதிக் கொள்ளு மத்தால் கடைந்து கடைசலாகும், மீதி மறுநாள் சுண்டலாகும். இப்படி மிச்சம் பிடித்தால்தான் ஞாயிறன்று கோழிக்குழம்பு.

ஒரு வியாழக்கிழமை, அம்மாவின் தம்பி, துடியலூர் மாமா, சொல்லாமல் குடும்பத்தோடு வந்துவிட்டார். அம்மா அசரவில்லை. சுண்டலுக்கு வைத்திருந்த கொள்ளையும் சேர்த்துக் கடைந்துவிட்டாள். மாமா விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்கக்கா, ஞாயித்துக்கெழமையும் வாரோமுங்க. இதே கொள்ளு போதுமுங்க!"

"வாங்க தம்பி" என்று அம்மா சிரித்தாள். நானும் அண்ணனும் விரல்விட்டுத் தலைகளை எண்ணினோம். ஒரு கோழி அத்தனை பேருக்கு எப்படிப் போதும்?

ஞாயிறு காலை வாசலில் மாமா. கையில் படபடக்கும் நாட்டுச்சேவல்! "கொள்ளுக்குத் தொணை வேண்டாமுங்களா அக்கா?"

நாங்கள் துள்ளிக் குதித்தோம். அம்மா எங்கள் காதோடு சொன்னாள்: "அப்ப நம்ம கோழி அடுத்த வாரத்துக்குக் கண்ணு!"

இதோ, மாமாவுக்குப் போன் போட்டுவிட்டேன். "மாமா, ஊட்டுல இன்னிக்குக் கொள்ளுங்க. வாரீங்களா?"