எங்கள் மரோனிக்கு நோய் பிடிக்காது

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், ஜேர்மனியில் வால்டோர்ஃபுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு வாங்கியதும் என் கணவர் செய்த முதல் வேலை ஒரு மரோனிக் கன்று நட்டதுதான். டிசம்பரில் தெருவோரத்தில் சுட்டு விற்பார்களே, அந்தக் கொட்டையின் மரம். பட்டையில் பூஞ்சணம் பிடித்து மரோனிகள் பட்டுப்போகிற நோய் அந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. இது ஐரோப்பிய மரத்தையும் ஜப்பானிய மரத்தையும் கலந்து உண்டாக்கிய இனம், நோய் இதைக் கொல்லாது என்று கன்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தார். அதை இவர் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு ஜேர்மன்காரரின் பழைய மரோனி நின்றது. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், தனி ஆள். ஒக்டோபரில் கொட்டை பொறுக்கிச் சுட்டு, தெரு முழுவதற்கும் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார். மற்ற நாட்களில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

எங்கள் மரம் வளர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை. ஒரு ஈஸ்டருக்கு இவரின் அக்கா டுசல்டோர்ஃபிலிருந்து வந்தார். ஊரில் காய்க்காத மாமரத்துக்குச் செய்கிற வைத்தியம் மச்சாளுக்குத் தெரியும். ஒருவர் மரத்தை மிரட்டிக் கொத்த வேண்டும், இன்னொருவர் அதற்காகக் கெஞ்ச வேண்டும். கெஞ்சுகிற வேலை என் தலையில் விழுந்தது.

“காய்க்கிறியோ, இல்லைத் தறிக்கட்டோ?” என்று மச்சாள் இறைச்சி வெட்டுகிற கத்தியால் அடிமரத்தில் ஓங்கிக் கொத்தினார்.

“விடுங்கோ மச்சாள், இனிக் காய்க்கும்,” என்றேன். அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை.

அந்த வருடமே காய்த்தது. பருவம் வந்து காய்த்திருக்கும். ஆனால் மச்சாள் அதற்குள் உலகம் முழுவதும் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டார்.

அடுத்த வருடம், கொத்திய இடத்தில் பட்டை வீங்கி வெடித்து, செம்மஞ்சள் புள்ளிகள் கிளம்பியிருந்தன. அயலவர்தான் முதலில் கண்டார். நோய் காயத்தின் வழியாக நுழையும் என்றார். உங்கள் மரம் தாங்கிக்கொள்ளும், ஆனால் இங்கிருந்து பரவினால் என் மரம் செத்துப்போகும் என்றார். எங்கள் மரத்தைத் தறித்து எரித்துவிட முடியுமா என்று, வேலியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இவர் உள்ளே வந்தார்.

“காய்க்கிற மரத்தை ஆரும் தறிப்பினமோ?”

“அந்த மனுசன்ரை மரம் போகப்போகுதல்லோ?”

“எங்கட மரம் நல்லாத்தானே நிக்குது. நோய் தாங்காத மரத்தை வச்சிருக்கிறது அவரின்ரை பிரச்சினை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று வைத்த குழம்பில் உறைப்புக் கூடிவிட்டது. இவர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். வென்றவருக்குப் பெருந்தன்மை சுலபம். பிறகு வீங்கிய பட்டையைச் சீவி எடுத்தார். தறிக்கவில்லை என்று வேலியடியில் போய்ச் சொன்னது நான். அயலவர் தலையை ஆட்டினார்.

மறுகோடையில் அவருடைய மரத்தில் ஒரு கொப்பின் இலைகள் வாடி, உதிராமல் தொங்கின. நோய் எங்களிடமிருந்துதான் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இவர் அதை அடிக்கடி சொன்னார். நோய் கொப்புக் கொப்பாக ஏறி, சில வருடங்களில் மரம் முழுவதும் பட்டுவிட்டது. ஒரு மாரிக் குளிரில் ஆட்கள் வந்து தறித்தார்கள்.

அதற்கடுத்த கோடையிலும் எங்கள் மரம் நிறையப் பூத்தது. ஒக்டோபரில் விழுந்த முள்ளுக் கோதுகளைச் சப்பாத்துக் காலால் மிதித்து உடைத்தோம். எல்லாம் பதர். இவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனார், இதற்கும் நோய்தானா என்று கேட்க. நானும் பின்னால் போனேன்.

அயலவர் கோதைப் பிரித்துப் பார்த்தார். “உங்கள் மரத்துக்கு ஒன்றுமில்லை. மரோனி தனியாக நின்றால் காய்க்காது. இன்னொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். நோயில் பட்டது போக இங்கே மிஞ்சியிருந்தது என்னுடையது ஒன்றுதான்.”

“அதை அப்போதே எங்களிடம் சொல்லியிருக்கலாமே?” என்றார் இவர்.

அயலவர் கோதை இவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“என் மரம் செத்துப்போகும் என்று சொன்னேனே,” என்றார்.