கட்டிலைச் சுற்றிய தண்டவாளம்

மனைவியின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாளே உபதேசியார் கட்டிலைக் கேட்டு வந்துவிட்டார். அது எங்கள் கட்டில் இல்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சொந்தமான இரும்புக் கட்டில். மாத்தளையில் எங்கள் பங்கில் யார் நோயில் விழுந்தாலும் அந்த வீட்டுக்குப் போகும். அவர் எழுந்து நடந்தாலும் கண்ணை மூடினாலும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்த முறை பலாபத்வலயில் மிளகு பறிக்கிற ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து பாயில் கிடந்தார்.

“கட்டில எடுக்கணும்னா தண்டவாளத்தக் கழட்டணும். அடுத்த கிழமை வாங்க” என்றேன்.

உபதேசியார் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “சரிண்ணே” என்று போனார். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் கழற்ற அரை மணி நேரம் போதும் என்பதைச் சொல்லவில்லை. அழுகை அன்றும் வரவில்லை. செருப்போடு வாசற்படி தாண்டினாரே என்று அவர் மேல் எரிச்சல் மட்டும் வந்தது.

ஜெர்மனியில் இருக்கிற மச்சான், மனைவியின் தம்பி, ஒருமுறை வந்தபோது கொண்டுவந்த விளையாட்டு ரயில் எஞ்சின் ஓடுகிற தண்டவாளம் அது. எஞ்சின் என் கை நீளம் இருக்கும். பச்சை நிறம், ஐந்து சோடிச் சக்கரம். அந்த ஊர்க்காரர்கள் வீட்டுப் பின்பக்கத்துப் புல்லில் ஓட்டுவதற்காகச் செய்தது. எங்கள் அறையோ பத்தடிக்கு ஒன்பதடி. அகலமாக வளையும் தண்டவாளம் ஒரு பெட்டி, சின்னதாக வளைவது ஒரு பெட்டி என்று கொடுத்துவிட்டுப் போனான். இரண்டையும் அலுமாரி மேல் ஏற்றிவிட்டேன்.

மனைவிக்கு வாதம் வந்து இடப்பக்கம் முழுக்க மரத்துப் போனது. கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் ஒருநாள், “என்னங்க, அந்தப் பெட்டியத் தொறங்க. சாகிறதுக்கு முந்தி என்னதான் இருக்குன்னு பாக்கணும்ல?” என்றாள்.

கட்டிலைச் சுற்றி, அவள் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் பலகை அடித்தேன். தனியாகக் கால் நட்ட இடமில்லாததால் பலகைகளைக் கட்டில் காலிலேயே மரையாணி போட்டு முறுக்கினேன். நான் உள்ளே போய் அவளைத் துடைக்க, புரட்டிப் போட ஒரு பக்கப் பலகை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தது. இரவல் கட்டிலில் இப்படி யாராவது செய்வார்களா? நான் செய்தேன்.

கட்டில் கிடக்கிற அறையில் சின்ன வளைவுதான் கொண்டது. அதில் பெரிய எஞ்சின் லேசில் திரும்பாது. மூக்கு வெளியே தள்ளும், வயிறு உள்ளே ஒதுங்கும், நடுச் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறி விழுந்துவிடும். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் மெஷின் ஃபிட்டராக இருந்தவன் நான். நடு மூன்று சோடிச் சக்கரங்களின் விளிம்பை அரத்தால் ராவி எடுத்துவிட்டேன். முன்னும் பின்னும் உள்ள சக்கரங்கள் வழி காட்ட, நடுவில் உள்ளவை வழுக்கிக்கொண்டு போயின. கேள்விப்பட்ட மச்சான் போனில், “ஒங்களுக்கு என்ன பைத்தியமா?” என்று கத்தினான். அவள் சிரித்தாள், வாயின் ஒரு பக்கத்தால்.

கால்மாட்டு மூலைதான் ஆக இடுக்கு. அங்கே எஞ்சினின் வயிறு கட்டில் காலை உரசி, இரும்பில் பச்சைப் பெயின்ட் அப்பிக்கொண்டது. ஒருநாள் அவளுடைய இடது பாதம் மெத்தையை விட்டு நழுவிப் பலகை மேல் கிடந்திருக்கிறது. எஞ்சின் இடித்துத் தோலைக் கிழித்துவிட்டது. இரத்தத்தைப் பார்த்து நான்தான் பதறினேன். அவளுக்குத் தெரியவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம். அந்த மூலைக்கு வரும்போது நான் வேகத்தைக் குறைத்து, “பட்டுச்சா?” என்று கேட்க வேண்டும். அவள் தலையைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்து, “படல” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த சுற்று. ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை கேட்டிருப்பேன்.

“நான் கெளம்பினதும் அந்தப் பெரிய வளைவப் போட்டுக்கங்க. கட்டிலும் போயிரும், தொல்லையும் போயிரும்” என்பாள்.

“சும்மா கெட” என்பேன்.

அடுத்த கிழமை உபதேசியார் சின்ன லொறியோடு வந்தார். கூடவே மிளகுக்காரரின் மனைவியும் வந்திருந்தார். இன்னும் ஏழு நாள் தவணை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கட்டில் போய்விட்டால் அவள் கிடந்த இடம் என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. அந்த அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. கட்டிலையே பார்த்து, “முதுகெல்லாம் புண்ணாயிருச்சிங்கண்ணே” என்றார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டிலைச் சாய்த்து வெளியே எடுக்கும்போது அந்த அம்மா கட்டில் காலைத் தடவிப் பார்த்தார்.

“இது என்னங்கண்ணே, பச்சையா?”

“ரயில் பட்டது.”

அவருக்குப் புரிந்திருக்காது. விளக்கிச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. பிறகு அறையைக் கூட்டினேன். தேத்தண்ணீர் போட்டேன், குடித்தேன். மனதில் ஒன்றுமே இல்லை. எஞ்சின் பாதத்தை இடித்தபோது அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் காலை அலுமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கினேன். அவள் சொன்னபடியே அகலமான வளைவைத் தரையில் போட்டேன். சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்தியது. எஞ்சின் எங்கும் உரசவில்லை. ஒரு கீச்சுச் சத்தமில்லை. இவ்வளவு அழகாக அது ஓடி நான் பார்த்ததே இல்லை.

கால்மாடு இருந்த பக்கம் வந்தது. என் கை தானாகக் குமிழைத் திருப்பி வேகத்தைக் குறைத்தது.

“பட்டுச்சா?” என்று கேட்டேன்.

சொன்னால்தான் அடுத்த சுற்று. எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன்.