ஒட்டுத் தெரியாத தாய்மாமன்

திருவண்ணாமலையிலிருந்து என்னைப் போல ஒரு மடையன் இதுவரை விமானம் ஏறியிருக்க மாட்டான். தங்கை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியை வீடியோவில் அனுப்பிவிடலாம் என்று நம்பியவன் நான்.

அப்படி நம்ப வைத்தது என் பிழைப்பு. மியூனிக்கில் ஒரு பிரவுசர் கம்பெனியில் வேலை. நீங்கள் திறக்கும் ஒரே வலைப்பக்கத்தில் செய்தியை ஒரு ப்ராசஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓடும் ஒரு நிரல், வரையும். நடுவில் காலிக் கட்டம் விடும். அந்தக் கட்டத்துக்கான விளம்பரத்தை இன்னொரு ப்ராசஸ் தனியாக வரைந்து அனுப்பும். இரண்டையும் ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது என் டிசைன். ஒன்று செத்து விழுந்தாலும் மற்றது அசையாது. இந்த ஊர் டிராமும் அப்படித்தான்: அடுத்தடுத்த சீட்டு, ஆளுக்கொரு உலகம். நம் ஊர் பஸ்ஸில் ஒருவர் தும்மினால் நாலு பேர் வைத்தியம் சொல்வார்கள்.

ஆபீஸில் என் டிசைனை அலசிப் பார்க்கும் ரிவ்யூவும் காதுகுத்தும் ஒரே நாளில் வந்தன. தங்கை கோமதிக்குப் போன் போட்டேன்.

"மடி நம்ம சரவணனோடது, மூஞ்சி என்னுது. பக்கத்துல போனைப் புடிச்சா போதும். ஒட்டே தெரியாது."

"சித்தப்பா பையன் மடியில ஒக்கார வெச்சிட்டு உன் மூஞ்சியைக் காட்டணுமா? ஊர்ல கேக்கறவங்க சிரிப்பாங்கண்ணா."

என்னோடு வேலை செய்யும் யூர்கனிடம், "நாளைக் காலை என் மடியில் குழந்தைக்குக் காது குத்துகிறார்கள், தாமதமாக வருவேன்" என்றேன். "அதற்கு லைசன்ஸ் வைத்திருக்கிறாயா?" என்று கவலைப்பட்டான். மாமன் பதவியை விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் சமையலறையில் உட்கார்ந்தேன். மேலே பட்டுச்சட்டை, கீழே அரை டிராயர். கண்ணுக்குத் தெரியாத பகுதியை வரையாமல் விடுவது எங்கள் தொழிலில் கெட்டிக்காரத்தனம். திரையில், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கோமதி வீடு. ஜன்னல் நிறைய மலை. சரவணன் மடியில் குழந்தை யாழினி. சித்தி கையிலிருந்த போனில் நான். அங்கே பத்தர் குத்திவிட்டார், குழந்தை அலறிவிட்டாள். ஆனால் படம் சில நொடி பிந்தி வந்ததால் என் திரையில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவள் அழுகைக்கு நடுவே போய் இறங்கியது.

"கொழந்த கத்துது, இவன் பல்லைக் காட்றான் பாருடி!" என்றாள் சித்தி.

நான் பதறி "செல்லம், அழாதம்மா" என்றேன். யாழினி அழுதுகொண்டே என் முகத்தை நோக்கிக் கையை நீட்டினாள். திரையில் விழும் தொடுகை எந்த ப்ராசஸுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று டிசைனில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அவள் விரல் சிவப்புப் பொத்தானில் பட்டது. கால் கட்டாகிவிட்டது.

ரிவ்யூவில் எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது டிராமில் கோமதி அனுப்பிய போட்டோவைத் திறந்தேன். குழந்தை அலறுகிறது, சுற்றி எல்லா முகத்திலும் பதற்றம். நடுவில், உள்ளங்கை அளவுக் கட்டத்துக்குள், ஒருவன் மட்டும் சந்தோஷமாகச் சிரிக்கிறான்.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். "அப்புறம் என்னைத் தேடினாளா?"

"இல்லண்ணா, சரவணன் மடியிலயே தூங்கிட்டா."