தேவனுக்குத் தைத்த சேட்டுகள்

புதுப் பொப்ளின் துணியில் ஒரு கஞ்சி மணம் இருக்கும்; கத்தரிக்கோல் ஓட ஓட அது எழும்பி, மிசின் எண்ணெயின் மணத்தோடு கலந்து எங்கள் வீட்டு விறாந்தையில் நாள் முழுவதும் நிற்கும். அங்கிருந்துதான் அம்மா ஊருக்குத் தைத்தார். தன் அளவுக்குத் தைத்த உடுப்போடு ஒரு பெண் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைவிட அம்மாவுக்குச் சந்தோசம் வேறில்லை. குட்டித் துணியைக் கொண்டுவந்து முழுப் பாவாடை கேட்பவர்களையும், "கழுத்து இறுக்குது கா" என்று திரும்பி வருபவர்களையும் திட்டித் திட்டியே தைத்துக் கொடுத்தார்.

தங்கம்மா மாமியை மட்டும் அவர் திட்டியதில்லை. மாமி கொக்கட்டிச்சோலையிலிருந்து வள்ளமேறி வாவி கடந்து வருவார். அவருடைய மகன் தேவனைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இயக்கத்துக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். வன்னியில் இருக்கிறான் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சித்திரை வருசத்துக்கு முன் மாமி நீலத் துணியோடு வந்து நின்றார்.

"அளவு?" என்றார் அம்மா.

"அளவுக்கு நான் எங்க போற புள்ள? உங்கட மகன்ட வயசுதானே. அவன நிப்பாட்டி எடுங்க. வந்தானெண்டா போட ஒரு 'சேட்டு' வேணும்."

"எனக்கில்லாத சேட்டுக்கு நான் ஏன் நிக்க?" என்று முணுமுணுத்தபடி அண்ணன் நின்றான். அவன் தோளில் அம்மா நாடா வைத்து முடிக்கும்வரை மாமி கண்ணை எடுக்கவில்லை. அவர் போனதும் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அண்ணனுக்கு "நாவூறு" கழித்தார்.

"பாவம் அந்த மனிசி. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு."

அடுத்த வருசமும் மாமி வந்தார். அண்ணன் வளர்ந்த அளவுக்குத் தேவனும் வளர்ந்தான்.

அந்த மார்கழியில் கடல் வந்தது. நானும் அம்மாவும் கோயில் கூரையில் ஏறித் தப்பினோம். கடற்கரைக்குப் பந்தடிக்கப் போன அண்ணன் வரவில்லை. முகத்தில் அடையாளம் இருக்கவில்லை. தன் கையால் போட்ட தையலைப் பார்த்துத்தான் அம்மா அவனைக் கண்டுபிடித்தார்.

சித்திரைக்கு மாமி வந்து, எங்கள் கூடார வாசலில் நின்றார். கையில் துணிப்பை இருந்தது. அம்மாதான் அதை வாங்கினார்.

"வளந்திருப்பான்தானே அக்கா" என்றார்.

நிவாரணத்தில் கிடைத்த மிசினில், நாடாவைத் தொடாமலே, வருசத்துக்கு வருசம் தோளைக் கொஞ்சம் அகலமாக வெட்டித் தைத்தார். யாரை நினைத்து வெட்டுகிறார் என்று நான் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து, தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு, தேவன் வந்தான். கடைசியாகத் தைத்த சேட்டைப் போடவைத்து மாமி அவனைக் கூட்டிவந்தார். தோளும் கையும் கச்சிதமாக இருந்தன.

"பாருங்க புள்ள, நிப்பாட்டி அளவெடுத்த மாதிரியே இரிக்கு!"

அம்மா அவன் பின்னால் போய்த் தோள் தையலைத் தடவினார். பிறகு அதைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். தேவன் தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நின்றான். அவன் உயிரோடு வந்ததில் எனக்குச் சந்தோசம் வரவில்லை. அவனுடைய முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"இனிக் கடையில வாங்கிக் குடுங்கக்கா" என்றார் அம்மா. "ஆம்பிளப் பிள்ளைகளுக்கு நான் தைக்கிறல்ல."

மாமிக்கு அப்போதுதான் விளங்கியது. மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படலையைக் கடந்தார்.

இப்போது வாவிக்கு மேலால் பாலம் இருக்கிறது, வள்ளத்துறை இல்லை. ஊரில் எல்லாருக்கும் காத்தான்குடிக் கடைகளில் தொங்கும் உடுப்புத்தான். தேவன் கட்டாரில் வேலை செய்கிறான். எங்களிடம் அண்ணனின் ஒரு படம்கூட இல்லை, எல்லாம் கடலோடு போயிற்று. மாமா எவ்வளவு உயரம் என்று என் பிள்ளைகள் கேட்கும்போது கையைத் தூக்கிக் காட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு உயரத்தில்.