சம்பந்தி தோண்டின கிணறு

என் மருமகள் இந்தோனேசியாக்காரி. நாங்கள் இருக்கிற ஜேர்மனியின் ஹம் நகரத்தில், தமிழ்க் கடையில் அவளைக் கண்டவர்கள் என்னிடம் மெல்லக் கேட்பார்கள்.

"அக்கா, பிள்ளை எந்தப் பக்கம்? சைனாவோ?"

"ஓம். அரச குடும்பம். அரிசி மா வாங்க வந்தவ" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். உண்மையைச் சொல்லப் போனால் கதை நீளும். அவளுடைய ஊர் ஜாவாத் தீவின் தெற்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே கிடக்கிறது. அந்த நாட்டுக்காரருக்கே அதைத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனபோது எங்களை ஏற்றிய வான்காரன் மூன்று இடத்தில் இறங்கி வழி கேட்டான்.

தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்த மாதிரிக் குன்றுகள். எண்ணி முடியாது. குன்றுக்கும் குன்றுக்கும் இடையில் பாய் விரிக்கிற அளவுக்குச் செம்மண். மழை அதையும் கொண்டு போகாமல் கல்லை அடுக்கி அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் மரவள்ளி. கிழங்கைச் சீவித் தெருவோரம் காயப்போட்டு, இடித்து, அவித்துத் தந்தார்கள். எங்கள் பனங்கிழங்கு ஒடியல் மாப் பிட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தது. இளசுகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டன. மிஞ்சியது கிழடுகளும் ஆடுகளும், வீட்டுக்கு ஒரு மாடும். மாட்டுக்கொட்டில் சமைக்கிற குசினியோடு ஒட்டி இருந்தது. வீட்டைவிடக் கொட்டில்தான் துப்புரவு.

நாங்களும் கிறிஸ்தவ வேதக்காரர், அவர்களும் வேதக்காரர். ஆகவே கோயிலில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை என்னால்தான் வந்தது, அதுவும் குளிப்பில் தொடங்கியது. பயணம் முடிந்து இறங்கின கையோடு, தலையில் வாளி வாளியாக ஊற்றினேன். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குளித்த உடம்பு. வெளியே வந்தால் வீடே என் ஈரத் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மருமகள் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். முதியோர் இல்லத்தில் வேலை பழக ஜேர்மனிக்கு வந்தவள், தமிழை என் குசினியில் பழகினாள்.

"மாமி, அது கலியாணச் சமையலுக்கு வச்ச தண்ணி. தண்ணி கொண்டு வாற பவுசர் இனி வாற கிழமைதான் வரும்."

அங்கே மழை பெய்யும். பெய்த தண்ணீர் நிற்காது. கல்லில் உள்ள ஓட்டைகளால் இறங்கி, யாருக்கும் எட்டாத ஆழத்தில் ஓடிக் கடலுக்குப் போய்விடும். கூரைத் தண்ணீரைச் சீமெந்துத் தொட்டியில் பிடித்து வைப்பார்கள். அது முடிந்தால் பவுசர். வெக்கை நீண்டால் ஆட்டையோ மாட்டையோ விற்றுத் தண்ணீர் குடிப்பார்கள்.

எனக்கு வெட்கம். வெட்கம் வந்தால் எனக்கு வாய் நீளும். "சுண்ணாம்புக் கல்லுக்கை தண்ணி இல்லையோ? எங்கட ஊரும் சுண்ணாம்புக் கல்தானே. பதினைஞ்சு அடி தோண்டினா ஊறும்" என்றேன். மருமகள் அதை மொழிபெயர்த்தாள். கிழவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்ட ஆட்ட எனக்குக் குளிர் விட்டது. ஒரு உரித்த தேங்காயை எடுத்தேன். எங்கள் பக்கம் நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காணிக்குள் நடப்பார். தண்ணீர் உள்ள இடத்தில் அது எழும்பி நிற்கும். நானும் கூறைச் சேலைக்காரி மாதிரி இடுப்பை ஆட்டி நடந்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கொட்டிலுக்குப் பின்னால் வந்ததும் பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினேன். தேங்காய் எழும்பி நின்றது.

சிரிப்பு நின்றுவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. சம்பந்தி, மருமகளின் தகப்பன், வந்து அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார். அதையும் பகிடிக்குப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

ஹம்முக்குத் திரும்பி ஏழெட்டு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் வரவேற்பறையில் இருந்து தகப்பனோடு வீடியோவில் கதைப்பாள். நானும் பக்கத்தில் இருந்து கை காட்டுவேன். ஒருநாள் அவருக்குப் பின்னால் கொட்டில் வெறுமையாகத் தெரிந்தது.

"மாடு எங்கை?"

"வித்தாச்சு மாமி. கிணறு வெட்டுறதுக்கு. நீங்கள் காட்டின இடத்திலை." அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஊரிலை எல்லாரும் முறை வச்சு வந்து கல் உடைக்கினம்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். இனிப்பும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு அந்தக் கிணற்றுக் கிடங்கைக் காட்டுவார்கள். வெள்ளைக் கல், அதற்குக் கீழேயும் வெள்ளைக் கல். அலவாங்கு விழுகிற சத்தம் ஹம்மில் எங்கள் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. பதினைந்து அடி போய்விட்டது. முப்பது போய்விட்டது. ஈரம் இல்லை. நானோ சுகமில்லை என்று படுக்கப் போனேன், பூசைக்குப் போக வேணும் என்றேன், கண் மருத்துவரிடம் டெர்மின் குறித்திருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண் மருத்துவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் பகிடிக்கு ஆள் தேடி அலைந்தவள் நான். முதல் தடவையாக, என் பகிடியை நம்ப ஒரு ஆளும் இல்லாமல் போகட்டும் என்று மன்றாடினேன்.

பிறகு மேலிருந்து கல் ஒன்று விழுந்து சம்பந்தியின் தோள் மூட்டு விலகியது. கட்டுப் போட்டுக்கொண்டு மற்றக் கையால் இறங்கிவிட்டார். அடுத்த கல் தலையில் விழும் என்று எனக்குத் தெரிந்தது. மகன் வேலைக்குப் போன காலையில், மருமகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கும்போது சொன்னேன்.

"பிள்ளை, அந்தத் தேங்காயை நான்தான் தட்டினனான். பெருவிரலாலை. சும்மா பகிடிக்கு."

அவள் ஒரு சப்பாத்தோடு கதிரையில் இருந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமி" என்றாள். "அப்பாவுக்கும் தெரியும்."

"பிறகேன் வெட்டுறார்?"

"நீங்கள் மூத்த ஆள். விருந்தாளி. ஊர் முழுக்கப் பாத்தது. அவர் வெட்டாட்டி, உங்களைப் பொய்க்காரி எண்டு ஊருக்கு முன்னாலை சொன்ன மாதிரி." மற்றச் சப்பாத்தைக் கையில் எடுத்து, "அப்பிடித்தான் தொடங்கினவர். இப்ப அவருக்கும் நம்பிக்கை வந்திட்டுது. அதுதான் எனக்குப் பயம்."

"அப்ப நான் அவரிட்டை உண்மையைச் சொல்லுறன். நீ மொழிபெயர்."

"ஏலாது. முறை வச்சுக் கல் உடைச்ச ஆக்களுக்கு அவர் என்ன சொல்லுறது? மாடு போச்சு. மானமும் போகவேணுமோ?"

அவள் மற்றச் சப்பாத்தையும் போட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை திரும்பச் செய்யுங்கோ. எல்லாரையும் கூப்பிடச் சொல்லுறன். இந்த முறை தேங்காய் எழும்பக் கூடாது."

ஆக, பொய்யை நிறுத்த இன்னொரு பொய். கடையில் தேங்காய் வாங்கினேன். ஞாயிறு பத்து மணி, அங்கே பின்னேரம். போனுக்குள் கிடங்கு, கிடங்கைச் சுற்றி ஊர், கட்டுப் போட்ட தோளோடு சம்பந்தி. அவர்கள் தங்கள் போனைக் கிடங்குக்கு மேலே பிடித்தார்கள். நான் கம்பளத்தில் நின்று தேங்காயை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினேன். ஒரு சிரிப்பும் கேட்கவில்லை. பெருவிரல் பழக்கத்தில் தட்டிவிடுமோ என்று அதை விலக்கிப் பிடித்தேன். தேங்காய் கிடந்தது. பிணம் போலக் கிடந்தது. மருமகள் அவர்கள் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னாள். தண்ணீர் இடம் மாறிப் போய்விட்டது, கல்லை இனித் தொடவேண்டாம் என்று பெரியவ சொல்லுறா என்று சொன்னாளாம். சம்பந்தி கேட்டு முடித்து, என்னைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார். நன்றி சொன்னாராம்.

என்னை ஏசியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கிடங்கைப் பலகையால் மூடினார்கள். மாடில்லாத வீட்டில் வெக்கைக்கு விற்க ஒன்றும் இல்லை. ஆகவே அவர் தோள் தேறினதும் கல்லுடைக்கிற இடத்தில் கூலிக்குச் சேர்ந்தார். அங்கே குன்றையே உடைத்து லொறியில் ஏற்றுகிறார்கள். அவருக்கு வேலை உடனே கிடைத்ததாம். கல்லுடைக்க அவர் நன்றாகப் பழகிவிட்டாராம். இதை என் மருமகள் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

மகனுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுகிறாள், மருந்து எடுத்துத் தருகிறாள், மருத்துவரிடம் கூட்டிப் போகிறாள். என் பகிடிக்கு முன்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இப்போது "ஓம் மாமி" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். உள்ளே தகப்பனும் மகளும் கதைப்பது கேட்கும், சில நேரம் சிரிப்பார்கள். என்னைப் பற்றியா என்று எனக்கு விளங்காது. மகன் தட்டினால் திறப்பாள். நான் தட்டிப் பார்க்கவில்லை.