வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம், காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே இருக்கிற ஒரு திராட்சைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டுவது என் தொழில். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டீக்கடையில்கூட விரலைக் காட்டித்தான் டீ வாங்குவேன். இதையும் நான் எழுத எழுத, பிழையை மட்டும் என் மகள் திருத்திக் கொடுத்தாள்.

அன்றைக்குக் காலையில் தோட்டத்துக்குப் போனால், முதலாளி பந்தலுக்கு அடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு வரிசைக் கொடி முழுவதையும் யாரோ அரிவாளால் இடுப்பு உயரத்தில் வெட்டிப் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு மேலே குலைகள் அப்படியே தொங்கின. இன்னும் இருபது நாளில் அறுவடை. கைக்குழந்தை மாதிரி பார்த்த கொடி. எவன் செய்தானோ அவன் கையை ஒடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குள் ஊரே கூடிவிட்டது. எல்லார் வாயிலும் ஒரே ஆள்தான். என்னோடு பதினெட்டு வருடமாகக் கவாத்து வெட்டுகிறவன். இடது கைக்காரன். ஊரில் அவனைப் பீச்சாங்கையன் என்றுதான் கூப்பிடுவார்கள். போன வாரம் மருந்து அடிப்பதில் முதலாளிக்கும் அவனுக்கும் சண்டை வந்து, எல்லார் முன்னாலும் அவனை வெளியே போடா என்று சொல்லிவிட்டார். அவனும் இந்தத் தோட்டம் விளங்காது என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருந்தான். ஆனால் அவன் வெட்டியதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

முதலாளி என்னைப் பார்த்து, நீதானப்பா கூடவே வேலை செஞ்சவன், நீ என்ன சொல்ற என்று கேட்டார்.

நான் குனிந்து அடிக்கட்டையின் வெட்டுவாயைப் பார்த்தேன். வலது கைக்காரன் அரிவாளை வீசினால் வெட்டு வலது பக்கம் மேலேயும் இடது பக்கம் கீழேயுமாகச் சரியும். இங்கே எல்லாமே தலைகீழாகச் சரிந்திருந்தது. ஒன்று கூடத் தப்பவில்லை.

“இது பீச்சாங்கை வெட்டு. அவன் வெட்டுதான்” என்றேன்.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒரு நேரம் வந்ததில்லை. தொழில் தெரிந்தவன் சொல்லிவிட்டான் என்று ஒருத்தர் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

அவனை வீட்டிலிருந்து இழுத்து வந்து மோட்டார் ரூம் முன்னால் நிறுத்தினார்கள். அவன் வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். “மாப்ள, நீயா சொன்ன?” என்று கேட்டான். கொடியை நினைத்துக்கொண்டு ஓங்கி ஒரு அறை விட்டேன். அந்தக் கூட்டத்தில் முதல் அடி என்னுடையது. அதற்குப் பிறகு எத்தனை விழுந்தது என்று தெரியாது. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. நாளை மத்தியானம் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். என் கையெழுத்து விழுந்தால் அவன் ஜெயிலுக்குப் போவான்.

முதலாளிக்கு ஒரே மகள். வெளிநாட்டில் வக்கீல். பல நாடுகள் சேர்ந்து நடத்துகிற கோர்ட்டாம். போரில் ஜனங்களைக் கொன்றவர்கள், ஊரை எரித்தவர்கள் இவர்களை எல்லாம் அங்கேதான் விசாரிப்பார்களாம். முதலில் இதை முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகுதான் அந்தப் பெண் குற்றவாளிகள் பக்கம் நின்று பேசுகிற வக்கீல் என்று ஊருக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு நாட்டில் ஒரு ராணுவ அதிகாரி, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே ஊரைக் கொளுத்தச் சொன்னானாம். அவனுக்கு இந்தப் பெண் வக்காலத்து. எமனுக்கும் வக்கீல் வேணும்ல, நம்ம ஊர்லருந்தே அனுப்பிட்டோம் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அந்தப் பெண் மேல் கோபம்தான் வரும். படித்த படிப்பை இதற்கா கொண்டுபோய் வைப்பது?

அப்பாவுக்குத் தேனியில் கண் ஆபரேஷன் நடந்ததற்காக அந்தப் பெண் அப்போது ஊருக்கு வந்திருந்தது. மறுநாள் காலையில் என்னைத் தோட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் விட்டது. போனால், முதலாளி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகம் சரியில்லை.

“அண்ணே, அவருதான் வெட்டுனாருன்னு எப்படிச் சொன்னீக?” என்று அந்தப் பெண் கேட்டது.

நான் வெட்டுவாயைக் காட்டிச் சொன்னேன். அதுவும் குனிந்து பார்த்தது. நல்லாத் தெரியுதுண்ணே என்றது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு, வெட்டினவர் எங்கே நின்று வெட்டினார் என்று கேட்டது.

இது என்ன கேள்வி என்று இருந்தது. கொடி வரிசைக்கு ஒரு பக்கம் நடக்கிற பாதை. இன்னொரு பக்கம் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். வாய்க்கால் எப்போதும் சேறாக இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். நாங்கள் பாதைப் பக்கம் நின்றுதான் வெட்டுவோம். எல்லாரும் அப்படித்தான். அதைச் சொன்னேன்.

“தோட்டத்து ஆளுக அப்படி நிப்பாக. கொடிய அழிக்க வந்தவனும் அங்கனதான் நிப்பானா?”

வாய்க்கால்ல சேறு பாப்பா என்றேன். அது வாய்க்கால் பக்கம் கையைக் காட்டியது. திரும்பிப் பார்த்தேன். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மோட்டார் பழுதாகி ஒரு வாரமாகத் தண்ணீர் ஓடவில்லை. மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றி விட்டதே நான்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு அரிவாளை என் கையில் கொடுத்து, அடிக்கட்டையில் இன்னும் நிற்கிற ஒரு முளையைக் காட்டி, வாய்க்காலில் இறங்கி நின்று ஒரு வெட்டு வெட்டச் சொன்னது. நான் வலது கைக்காரன். இறங்கினேன். வெட்டினேன். மேலே ஏறி வந்து பாதையில் நின்று பார்த்தேன்.

பீச்சாங்கை வெட்டு.

மற்ற வெட்டு எப்படிச் சரிந்திருந்ததோ அப்படியே. என்னுடைய வலது கையால் நானே வெட்டினது.

முதலாளி எழுந்துவிட்டார். “ஏத்தா, அங்கன ஊரக் கொளுத்துனவன், இங்கன அப்பன் கொடிய வெட்டுனவன். வேற ஆளே கெடைக்கலையா ஒனக்கு? எவன் வெட்டுனான்னு நீயே சொல்லு பாப்போம்” என்று கத்தினார். எனக்குத் தெரியலப்பா என்றது. அவன் இல்லை என்றுகூட அந்தப் பெண் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம். கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவர் அழுதுகொண்டே நடந்து போனார்.

எனக்கும் ஆத்திரம். என் தொழிலை என் முன்னாலேயே ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிட்டதே என்ற ஆத்திரம். அதனால்தான் என்றைக்கும் கேட்காத நான் கேட்டேன். “பாப்பா, ஊரக் கொளுத்துனவனுக்காகப் பேசுறீகளே, செத்தவுக ஒங்க கனவுல வர மாட்டாகளா?”

“வாராகண்ணே” என்றது.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றது. பிறகு சொன்னது: “நான் பேசுற ஆளுகள்ல பாவம் செஞ்சவுகளும் உண்டு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா முந்தி ஒரு வழக்குல ஒருத்தர் சாட்சி சொன்னாரு. உத்தரவு போட்ட கொரல நான் கேட்டேன்னாரு. பொய் சொல்றவரு இல்லண்ணே. வீடு வாசல எழந்த நல்ல மனுசன். உங்களப் போலத்தான், உறுதியாச் சொன்னாரு. அவரு எங்கன நின்னு கேட்டாருன்னு மட்டும் நாலு வருசமா ஒருத்தரும் கேக்கல. அந்த நாலு வருசமும் ஒரு ஆளு ஜெயிலுக்குள்ள கெடந்தாரு. கேட்டப்பத்தான் தெரிஞ்சது, அவரு நின்ன எடத்துக்கு அந்தக் கொரலு கேட்டிருக்கவே கேட்டிருக்காது.”

எனக்குச் சமாதானமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு நான் கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

ஸ்டேஷனில், வெட்டு எப்படிச் சரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், யார் எங்கே நின்று வெட்டினார்கள் என்று தெரியாது என்றேன். நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணா, உனக்கு விளையாட்டா இருக்கா என்று அவர்கள் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. ஆனாலும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாயங்காலம் அவனை விட்டுவிட்டார்கள். ஒரு காது வீங்கி இருந்தது. அது நான் அறைந்த பக்கம்.

யார் வெட்டியது என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. அவனாகக்கூட இருக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வக்கீல் பொண்ணு காப்பாத்திவிட்டுருச்சு, இல்லன்னா களி தின்னுருப்பான் என்று டீக்கடையில் இப்போதும் சிரிக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு உடம்பு பற்றி எரியும். அவன் வெட்டினான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதால்தான் தெரியும். பிறகு எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது மட்டும் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

போலீஸ் அவனை விட்ட மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை. அவன் சம்சாரம்தான் வாசலில் நின்றது. உட்காரச் சொல்லவில்லை. “அண்ணே, உங்க கத்தரியத் தீட்டிக் குடுத்ததும் இவருதான. அத மறந்துட்டீகளா?” என்று மட்டும் கேட்டது. உண்மைதான். பதினெட்டு வருடமும் என் கவாத்துக் கத்தரிக்குச் சாணை பிடித்துக் கொடுத்தவன் அவன். எனக்கு அந்தக் கைப்பழக்கம் வராது. இந்தப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலும் அவனுக்கு வேலை இல்லை. இப்போது விடியக்காலையில் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குப் போகிறான். வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வான்.

கொலைகாரனுக்கு எதற்கு வக்கீல் என்கிற கோபம் எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எரிந்த ஊரை நினைத்தால் இன்னும் வருகிறது. ஆனால் அந்தக் கோபம் வரும்போதெல்லாம் காய்ந்த வாய்க்காலும் கூடவே வருகிறது. வாயில்லாதவன் என்று பேர் வாங்கின நான், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஊர் முன்னால் வாயைத் திறந்தேன். அன்றைக்கு நான் பேசாமலே இருந்திருந்தால், என் கத்தரி இன்றைக்கும் கூர்மையாக இருந்திருக்கும்.